ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் இருந்தது.

யோகேஸ்வரி திரைக்கு அருகில் குனிந்து மறுபடி பார்த்தாள். புதிய மென்பொருளில் வாரத்தின் ஏழு நாள்களும் ஏழு பத்திகளாக நின்றன. திங்கள், புதன், வெள்ளி ஒரு குழு, செவ்வாய், வியாழன், சனி இன்னொரு குழு, ஞாயிறு விடுமுறை. கிள்ளானில் இந்தச் சிறுநீரகச் சுத்திகரிப்பு மையம் தொடங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இங்கே எந்த நோயாளிக்கும் ஊசி குத்தியதில்லை. பழைய சிஸ்டத்தில் இருந்த விவரங்களைப் புதியதற்கு மாற்றும் வேலையை அந்த நாளின் பிற்பகலுக்கு அவள் வைத்துக்கொண்டதும் அதனால்தான். வெறுமையாக இருக்க வேண்டிய கடைசிப் பத்தி மேலிருந்து கீழ்வரை பெயர்களால் நிறைந்து கிடந்தது.

தப்பு தன்னுடையது என்றுதான் முதலில் நினைத்தாள். எந்தத் தப்பையும் அவள் அப்படித்தான் முதலில் எடுத்துக்கொள்வாள். மையத்தில் குமாஸ்தா வேலை. வேலை முடிந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்க் கணினி வகுப்பு. படித்ததை வைத்து அவள் பொறுப்பேற்றுச் செய்யும் முதல் பெரிய மாற்றம் இது. மாற்றுவதற்கு முன் படி எடுத்தாள். படியைத் திறந்து பார்த்தாள். நாள்களை எழுதிய வரிசை பிசகியிருக்குமோ என்று திரும்பவும் சரிபார்த்தாள். பிசகவில்லை. பழைய சிஸ்டத்திலும் அந்தப் பெயர்கள் ஞாயிற்றுக்கிழமையில்தான் இருந்தன.

கூடத்தில் யாரும் இல்லை. சாய்வு நாற்காலிகள் இரண்டு வரிசையாக, தலைமாட்டில் ஆளுக்கொரு இயந்திரத்துடன், தொலைக்காட்சியைப் பார்த்தபடி கிடந்தன. நேற்றிரவு தரை துடைத்த குளோரின் வாடையும், குழாய்களைக் கழுவும் புளித்த காடி வாடையும் மூடிய அறைக்குள் ஒன்றாகக் கலந்து, தொண்டையில் ஒரு மெல்லிய கரகரப்பாகத் தங்கின. வெளியே கடைவரிசையின் மேல் மழை கூடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக வந்த வெளிச்சம் பழுப்பாகி, தரையோடுகள் ஈரமானவை போலப் பளபளத்தன.

தலைமைத் தாதி மைமூனுக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், ஞாயித்துக்கிழமையில பேஷண்ட் பேரு இருக்கு. நெறைய பேரு."

"இருக்கும்," என்றார் மைமூன். பின்னால் துணிக்கடை இரைச்சல். மகளுக்குத் துணி எடுக்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். "அவங்க எல்லாம் மவுத்தானவங்க லா."

"என்னது?"

"செத்தவங்கம்மா. பழைய சிஸ்டத்துல ஆளு செத்துட்டாருன்னு போட எடமே கெடையாது. டிலீட் பண்ணா ரத்த ரிசல்ட் எல்லாம் சேர்ந்து போயிரும், ஆடிட்டுக்கு வரவன் என் கழுத்தப் புடிப்பான். திங்கக்கெழமையிலயே விட்டா அந்த சேரை வேற ஆளுக்குக் கொடுக்க முடியல. நான்தான் யோசிச்சு, நாம தொறக்காத நாளுக்கு எல்லாரையும் தள்ளிவிட்டேன். எப்படி மூளை?"

"யாரும் எனக்குச் சொல்லலையே சிஸ்டர்."

"நீ கேக்கலையே. புதுசுல எடம் இருக்குல்ல, மாத்திரு. அண்ணே, அந்தப் பச்சைய எடுங்க, இது என்ன, கீரை கலரு... யோகேஸ், அங்க தனியாவா இருக்க? சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்குப் போ."

சிரிப்புடன் இணைப்பு அறுந்தது. யோகேஸ்வரிக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. தப்பு தன்னுடையதில்லை.

பத்தியின் உச்சியில் பழனியப்பன் என்று இருந்தது. ஏழாம் நாற்காலி. அவரை அவளுக்கு நினைவிருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் பாதுகாவலராக இருந்தவர். வரும்போதே தோளில் நீலத்துண்டு கிடக்கும். அவர் இறந்த வாரத்தில்தான் அவளுடைய அப்பா இராமலிங்கத்துக்கு இங்கே இடம் கிடைத்தது. அதுவரை அப்பா காப்பார் வீட்டிலிருந்து சிகிச்சைக்காக எங்கெங்கோ அலைந்தார். ஒரு முறை தவறி, இரண்டு முறை தவறி, உடம்பில் சேர்ந்த நீரை வெளியேற்ற வழியில்லாமல், படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தபடி இரவுகளை ஓட்டினார். நாற்காலி காலியாக வேண்டுமானால் ஒருவர் போக வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். மையத்திலிருந்து அழைப்பு வந்த அன்று யோகேஸ்வரி மகிழ்ந்தாள். எதற்கெடுத்தாலும் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறவள், அந்த மகிழ்ச்சிக்காக மட்டும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

பழனியப்பன் பெயரைத் திறந்து, நிலை என்ற இடத்தில் 'காலமானார்' என்று தேர்ந்து, சேமித்தாள். பெயர் பத்தியிலிருந்து மறைந்தது. அடுத்த பெயரைத் திறப்பதற்குள் திரும்பி வந்துவிட்டது.

மறுபடி மாற்றினாள். மறுபடி வந்தது.

புதிய மென்பொருளைத் தந்த நிறுவனத்தில் வேலை செய்யும் பிரவின் அவளுடன் மாலை வகுப்பில் படிப்பவன். போனை எடுத்ததும், "என்ன யோகேஸ், மூணாவது தடவை செக் பண்ணியாச்சா?" என்றான்.

"விளையாடாத லா. செத்தவங்கள காலமானார்னு போடுறேன், நிக்க மாட்டேங்குது."

"பாலம் ஓடுதுல்ல, அதான். உங்க மிஷினு, வாசல்ல எடை பாக்கிற திம்பாங், அதுக்கெல்லாம் பழைய சிஸ்டம் பேசுறதுதான் புரியும். ஒரேயடியா அறுத்துட்டா நாளைக்குக் காலையில ஒண்ணும் ஓடாது. அதனால கொஞ்ச நாளைக்கு ரெண்டும் சேர்ந்து ஓடும், நடுவுல பாலம். நீ புதுசுல காலமானார்னு போடுற. பழசுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. தெரியாததை எல்லாம் அது, ஆளு இன்னும் வந்துட்டுத்தான் இருக்காருன்னு எடுத்துக்கும். அதையே உனக்குத் திருப்பி அனுப்பும்."

"அப்ப செத்தவங்க எல்லாம் வராங்களா?"

"கணக்குப்படி வராங்க. நீ மரியாதையா உள்ள கூப்பிட்டு மைலோ கலக்கிக் கொடு."

"செருப்பு பிஞ்சிரும்டா."

"சரி சரி. நான் வந்து பாலத்துல ஒரு வரி எழுதி விடுறேன். ஹைவேல மழை, கார் எல்லாம் நிக்குது. அதுவரைக்கும் ஒண்ணையும் தொடாத."

அவள் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொடாமலே மாறியது.

செவ்வாய்க்கிழமைப் பத்தியில், ஏழாம் நாற்காலியில், இராமலிங்கம் என்ற பெயர் இருந்த கட்டம் ஒரு கணம் மஞ்சளாகி, பின் வெண்மையானபோது அதில் பழனியப்பன் இருந்தார். பிறகு வியாழன். பிறகு சனி. அப்பாவின் பெயர் அட்டவணைக்குக் கீழே, காத்திருப்போர் என்ற இடத்தில் போய் விழுந்தது.

ஏன் என்று அவளுக்குப் புரிந்தது. வெள்ளம் வந்தபோது பலருக்குச் சிகிச்சை தவறியதால், தவறியவர்களுக்கு முதலில் இடம் ஒதுக்கும் ஒரு விதியை மையத்தின் நிர்வாகக் குழு கேட்டு வாங்கியிருந்தது. யாருக்கு அதிகம் தவறியதோ அவர் முதலில். பழனியப்பன் ஒவ்வொரு ஞாயிறும் வர வேண்டியவர். இறந்ததிலிருந்து ஒரு ஞாயிறும் வரவில்லை. புதிய சிஸ்டத்தின் கண்ணில், இந்த மையத்திலேயே அதிகம் ஏமாற்றப்பட்ட நோயாளி அவர்தான்.

அப்பாவின் பெயரைப் பழைய இடத்தில் வைத்தாள். பழனியப்பன் வந்தார். மறுபடி வைத்தாள். விடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, வைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது சுவருக்குப் பின்னால் நீர் ஓடத் தொடங்கியது.

பின்னறையில் இருக்கும் சுத்திகரிப்புத் தொட்டியின் பம்ப் அது. அட்டவணையில் ஆள் இருந்தால் சிகிச்சைக்கு முன்பே தானாக இயங்கிவிடும். அந்த ஒலியை அவள் நாள்தோறும் கேட்பவள். பேச்சும் தொலைக்காட்சியும் தாதிகளின் செருப்பொலியும் நிறைந்த கூடத்தில் யாரும் கவனிக்காத ஒலி. இப்போது ஆளில்லாத அறையில், மூடிய கதவுக்குப் பின்னால், யாரோ நிறுத்தாமல் விழுங்கிக்கொண்டிருப்பது போல அது கேட்டது. கூரைக் குழாய்கள் ஒவ்வொன்றாக நடுங்கின. பிறகு கூடத்தின் மறுமுனையில் ஓர் இயந்திரம் விழித்தது. பச்சை விளக்கு. ஒரு பீப். அதன் குழாய்களில் தெளிந்த நீர் ஏறி, காற்றுக் குமிழிகளைத் தள்ளிக்கொண்டு, சுற்றி வந்து, நின்றது.

ஏழாம் நாற்காலியின் இயந்திரம்.

குழாய்களை யார் மாட்டினார்கள்? நேற்றிரவு அவை கழற்றி எறியப்பட்டிருக்க வேண்டும். அவள் மாட்டவில்லை. மாட்டவும் தெரியாது.

போன் அடித்தது. அப்பா.

"என்னம்மா, கம்ப்யூட்டரோட குடும்பம் நடத்தி முடிச்சிட்டியா?" துறைமுகத்து லோரி ஓட்டிய காலத்திலிருந்து அப்பாவின் குரல் எப்போதும் சாலைக்கு எதிர்ப்பக்கம் கேட்கும்படிதான் இருக்கும். இப்போது வார்த்தைகளுக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தது.

"ஏன்பா இப்படி இரைக்குது?"

"தெரியலம்மா. கால் ரெண்டும் பொதபொதன்னு வீங்கிருச்சு. சிலிப்பர் நுழையல. நேத்துத்தான நீர் எடுத்தோம்? தண்ணிகூட நான் குடிக்கல, சத்தியமா. நீ திட்டுவன்னு ஐஸ்கட்டியத்தான் சப்புனேன்."

"சாஞ்சு உக்காருங்கப்பா. படுக்காதீங்க. போனை வெக்காதீங்க."

இயர்போனைக் காதில் செருகி, போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நேற்றைய பதிவைத் திறந்தாள். நேற்று, சனிக்கிழமை, அவள் கண்ணெதிரில் அப்பா ஏழாம் நாற்காலியில் படுத்துக் குறட்டை விட்டார். பதிவில் பெயர் பழனியப்பன். அதற்கு முந்தைய வியாழனும் பழனியப்பன். செவ்வாய் அவள் பார்க்கும்போதே மஞ்சளானது.

வரப்போகும் நாள்கள் போதவில்லை. நடந்து முடிந்தவற்றையும் அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மாடி," என்றார் அப்பா, போனில். "நெஞ்சு மேல யாரோ உக்கார்ற மாதிரி இருக்கு."

"ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன்பா." மேசைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். முகவரி சொன்னாள். மழையில் காப்பார்ச் சாலை நெரிசல், எவ்வளவு விரைவில் முடியுமோ வருவோம் என்றார்கள். அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. மேசைக்கடியில் ஊர்ந்து, பழைய கணினியின் பின்னால் இருந்த வலைக்கம்பியைப் பிடுங்கினாள். மின்கம்பியையும் பிடுங்கினாள். விசிறி சுழன்று அடங்கியது. எழுந்து திரையைப் பார்த்தாள். முந்தைய சனி மஞ்சளாகி, வெண்மையானது.

பழைய கணினி செத்துக் கிடந்தது. அதன் பேச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

வாசலில் உலோகம் அழுந்தும் ஒலி கேட்டது.

அது எடை மேடை. உள்ளே வரும் நோயாளி முதலில் அதில் ஏற வேண்டும். எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று அது சிஸ்டத்துக்குச் சொல்லும். அவள் மேசையிலிருந்து அதன் விளிம்பு மட்டும் தெரியும். தகடு தாழ்ந்திருந்தது. கதவு திறக்கவில்லை, கதவின் மணி அடிக்கவில்லை, ஆனால் தகடு தாழ்ந்திருந்தது. திரையில் பழனியப்பன் பெயருக்கு எதிரே எடை ஓடத் தொடங்கியது. ஒரு மனிதனின் எடை. பிறகு ஒரு பருத்த மனிதனின் எடை. அது நிற்கவில்லை. மேடை தாங்கக்கூடிய கடைசி எண்ணைத் தொட்டு அங்கேயே துடித்தது.

சிகிச்சை தவறினால் நீர் சேரும். ஒரு வாரம் தவறினால் அப்பாவின் முகம் அடையாளம் தெரியாமல் உப்பிவிடும்.

இவர்களுக்கு எத்தனை வாரம்.

மேடையிலிருந்து ஏதோ இறங்கியது. தரையில் ஈரம். அகலமான, விரல் பிரியாத கால்தடம். இன்னொன்று. தண்ணீர் நிறைந்த பையைத் தூக்கி வைப்பது போல ஒவ்வொரு அடியும். தகடு மறுபடி தாழ்ந்தது. அடுத்தவர். மறுபடி. அடுத்தவர். மழைத்தண்ணீர் வாடை இல்லை அது. பூச்சாடியில் பல நாள் நின்ற தண்ணீர்.

அவள் ஓடியிருக்கலாம். பின்கதவின் சாவி இடுப்பில் இருந்தது. காதில் அப்பாவின் மூச்சு, துண்டு துண்டாக.

மேசைத் தொலைபேசியில் பிரவினை அழைத்தாள்.

"பிரவின், கேள்வி கேக்காத. அந்த விதிய எப்படி நிறுத்துறது?"

"என்னாச்சு? அழுவுறியா?"

"சொல்லுடா!"

"இரு... வரிசை ஒண்ணொண்ணாத்தான் போகும். முதல் ஆளுக்கு முடிஞ்சாத்தான் அடுத்த ஆளு. முதல் ஆளோட சேர்ல இப்ப ஒருத்தருக்குச் சிகிச்சை ஓடிட்டு இருந்தா, சிஸ்டம் அந்த சேரைப் பூட்டிரும். பாதியில இருக்கிற மாத்தமெல்லாம் ரத்தாகிப் பழையபடி வந்துரும். ஆனா ஆளு நெசமா எடை பார்த்து, நெசமா சேர்ல உக்காரணும். சேர்ல சென்சர் இருக்கு, சும்மா பேரு போட்டா ஏமாறாது. இன்னிக்கு யாரு இருக்கா அங்க, உன்னத் தவிர?"

அவள் தொலைபேசியை வைத்தாள்.

புதிய நோயாளி. யோகேஸ்வரி, த/பெ இராமலிங்கம். அடையாள அட்டை எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்தாள். மூன்றாம் முறை சரி. நாள், ஞாயிறு. நாற்காலி, ஏழு.

எழுந்து வாசலுக்கு நடந்தாள்.

கண்ணால் பார்த்தால் ஒன்றுமில்லை. ஈரத் தடங்கள் மட்டும். ஆனால் கண்ணாடிக் கதவில், கூடத்தின் பிம்பத்தில், அவர்கள் இருந்தார்கள். மேடையிலிருந்து நாற்காலிவரை ஒரு வரிசை. வெளுத்து, உப்பி, கழுத்தும் தோளும் ஒன்றாகி. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மடிப்புகள். முதல் ஆளின் தோளில் ஒரு நீலத்துண்டு, சதைக்குள் பாதி புதைந்து.

"வழி விடுங்க," என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும். "நான் ஏறணும்."

குளிர்ந்த எதையோ தோளால் தள்ளினாள். அது உள்ளே அமுங்கி, மெல்லத் திரும்பியது. அவள் சட்டை நனைந்தது. மேடையில் ஏறினாள். அவளுடைய எடை. ஒரு சாதாரணப் பெண்ணின் எடை. திரை ஒலித்தது.

திரும்பி நடந்தாள். பக்கத்தில் ஈர அடிகள். அவளுடைய வேகத்திலேயே. கொஞ்சம் முந்தி.

ஓடினாள்.

ஏழாம் நாற்காலியில் அவள் விழுந்தபோது முதுகின் கீழே குளிர் இருந்தது, யாரோ உட்காரத் தொடங்கி எழுந்தது போல. கைப்பிடிகளை இறுகப் பற்றினாள். தலைமாட்டில் இயந்திரம் பீப் அடித்தது. பம்ப் சுழன்றது. சிகிச்சை ஓடுகிறது.

"அப்பா?"

மூச்சு. மூச்சு. பிறகு நீளமாக ஒன்று.

"அம்மாடி. விட்ட மாதிரி இருக்கும்மா. யாரோ எந்திரிச்ச மாதிரி." இருமினார். "காலும் கொஞ்சம் வடியுது. என்ன மாயம் பண்ண நீ?"

"ஒண்ணும் பண்ணலப்பா. சேர்ல உக்காந்திருக்கேன்."

"உக்காரு, உக்காரு. வேலை செஞ்சு களைச்சிருப்ப."

இப்போது கண்ணாடி தேவைப்படவில்லை. அவர்கள் நேராகவே தெரிந்தார்கள். நாற்காலியைச் சுற்றி, ஒருவர் பின் ஒருவராக, நெருக்கமாக. சொட்டும் ஒலி. வேறு ஒலி இல்லை. அவர்கள் கோபமாக இல்லை. நோயாளிகள் காத்திருப்பது போலக் காத்திருந்தார்கள். எத்தனை நேரமானாலும்.

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு," என்றாள் அவர்களைப் பார்த்து. "ஆனா இது எங்க அப்பாவோட சேர். அவரு இன்னும் இருக்காரு. நீங்க போயிட்டீங்க. யாரும் உங்களுக்குச் சொல்லலன்னா, நான் சொல்றேன். போயிட்டீங்க."

நீலத்துண்டுக்காரர் குனிந்தார். அவருடைய கை, அவளுடைய கை இருந்த அதே கைப்பிடியில், பக்கத்தில் வந்து படிந்தது. தோலின் கீழே நீர் அலைந்தது.

"கையை எடுங்க அங்கிள்."

எடுக்கவில்லை.

அவளும் எடுக்கவில்லை.

இயந்திரத்திலிருந்து வந்த இரண்டு குழாய்கள் அவள் மடியில் தளர்ந்து கிடந்தன. நுனிகளில் ஊசி இல்லை. அவை அவள் உடம்பில் எங்கும் சேரவில்லை. உள்ளே தெளிந்த நீர் மட்டும் இருந்தது.

ஒரு குழாயின் நுனியில் சிவப்பு தெரிந்தது. நூலளவு. பிறகு விரலளவு. அவளுடைய இடது கை சில்லிட்டது. சிவப்பு மேலே ஏறி, பம்பைச் சுற்றி, வடிகட்டியை நிறைத்து, மறு குழாய் வழியாகக் கீழே வந்தது. அந்தக் குழாயின் நுனி அவள் மடியில் இல்லை. பழனியப்பனின் மற்றொரு கை அதைப் பிடித்திருந்தது. அவருடைய முகத்தில் மடிப்புகள் மெல்ல விரிந்து, உள்ளே இரண்டு கண்கள் தெரியத் தொடங்கின.

காதில் அப்பா ஏதோ சொல்லிச் சிரித்தார்.

யோகேஸ்வரி அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள். நாற்காலியை விட்டு எழவில்லை. குதிகால்களை ஊன்றி, முதுகை இன்னும் உள்ளே தள்ளி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். சிவப்பு அடுத்த சுற்றுக்குப் போனது.